வட்ட லைட்டும் நீள லைட்டும்

"போட்டோவுல இருக்கிறது உங்க அப்பா வண்டிதானான்னு மட்டும் பார்த்துச் சொல்லுங்க சார். வேற எதுவும் கேட்க மாட்டேன்."

கார் ஷெட் வாசலில் நின்ற பெண்ணுக்கு நாற்பது வயதிருக்கும். ஜோசியர் போட்டோவை வாங்குவதற்குள் அவர் மனைவிக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்துவிட்டது.

"எங்க மாமா போய்ச் சேர்ந்து வருஷக்கணக்காச்சு. இப்ப வந்து நானும் அவர் பொண்ணுதான்னா என்ன அர்த்தம்? சொத்து இருக்குன்னு யாரு சொல்லி அனுப்பினா?"

"சொத்தெல்லாம் வேண்டாம்மா. எங்க அம்மா போன மாசம் இறந்துட்டாங்க. வேகன்ல வருவாரே, அவர்தான் உன் அப்பான்னு சாகிற வரைக்கும் சொன்னாங்க. ஒருத்தரும் நம்பல. ஊரு பேசாத பேச்சில்ல. அம்மா பொய் சொல்லலைன்னு தெரிஞ்சா எனக்கு அது போதும்."

ஜோசியர் என்றதும் கட்டம் போடுகிறவர் என்று நினைத்துவிட வேண்டாம். அவர் பழைய கார் சங்கத்தின் தலைவர். ஸ்டேஷன் வேகனின் மூஞ்சியைப் பார்த்தே அது பிறந்த வருஷத்தைச் சொல்லிவிடுவதால் அந்தப் பட்டப்பெயர். சங்கத்திலேயே முதல் வருஷ மாடல் வேகன் அவருடையது ஒன்றுதான். அப்பா ஓட்டிய வண்டி. சங்கக் கண்காட்சிக் கோப்பையும் அதனால்தான் தவறாமல் அவர் வீட்டுக்கே வரும்.

ஆள் ரொம்பக் கறார். போன கண்காட்சியில் சொந்த மச்சானின் வண்டியையே, டெயில் லைட் வேறு வருஷத்தது என்று வெளியே தள்ளினார். தள்ளியதோடு விட்டாரா? "வண்டி வயசுல பொய் சொல்றவன் வீட்டுலயும் பொய்தான் சொல்வான்" என்று மைக்கில் வேறு சொன்னார். மச்சான் அதற்குப் பிறகு இந்தப் பக்கம் தலைவைத்தும் படுப்பதில்லை.

ஜோசியர் லென்ஸை எடுத்துப் போட்டோவைப் பார்த்தார். கறுப்பு வெள்ளைப் படம். ஒரு ஸ்டேஷன் வேகன். அதன் பம்பரில் ஒரு குட்டிப் பெண் உட்கார்ந்திருந்தாள். அவள் கால்கள் நம்பர் பிளேட்டை மறைத்திருந்தன. வேறு ஆள் இல்லை.

"பம்பர்ல இருக்கிறது நான்தான். படம் எடுத்தது அவரு. அதான் அவர் இதுல இல்ல" என்றாள் அந்தப் பெண்.

ஜோசியர் ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு ஷெட்டுக்குள் போய் வண்டி மேலிருந்த உறையை உருவினார்.

"இங்க வாம்மா. ஹெட்லைட்டுக்குக் கீழ பார்க் லைட் எப்படி இருக்கு?"

"வட்டமா இருக்கு."

"உன் போட்டோவுல?"

"நீளமா."

"எங்க வண்டி முன்பக்க கிரில்லைப் பாரு."

"குறுக்குப் பட்டையா இருக்கு."

"உன்னோடதுல?"

"வலை மாதிரி..." அவள் குரல் இறங்கிவிட்டது.

"வட்ட லைட்டும் பட்டை கிரில்லும் முதல் வருஷத்தோட சரி. நீள லைட்டும் வலை கிரில்லும் அடுத்த வருஷ மாடல். இது வேற யாரோட வண்டியோ. எங்க அப்பாவோடது இல்ல."

"அம்மா அவ்வளவு உறுதியா..."

"மனுஷங்க பேச்சு மாறும்மா. லைட் மாறாது."

அவள் போட்டோவைத் திரும்ப வாங்கிக்கொண்டாள்.

"மன்னிச்சிடுங்க சார். வண்டி விஷயத்துல உங்க வாக்குதான் கடைசின்னாங்க. அதான் வந்தேன்." போட்டோவைப் பைக்குள் வைக்கப் போனவள், என்ன நினைத்தாளோ, அதை இரண்டாகக் கிழித்துக் கீழே போட்டாள். "அம்மா என்கிட்டயும் கடைசி வரைக்கும் பொய்தான் சொல்லியிருக்கா."

கேட் சாத்துகிற சத்தம் கேட்டதும் மனைவி பெருமூச்சு விட்டாள்.

"என்ன நெஞ்சழுத்தம் பாருங்க! உங்க கண்ணு மட்டும் இல்லேன்னா நம்ம தலையில மிளகாய் அரைச்சிருப்பா."

ஜோசியர் ஸ்டூலைப் போட்டு ஏறி, ஷெட் பரணிலிருந்து ஒரு சாக்கு மூட்டையை இறக்கினார்.

"முதல்ல இதை உடைச்சுத் தூரப் போடணும்."

மனைவி மூட்டையைப் பிரித்தாள். ஒரு வலை கிரில். இரண்டு நீள லைட்.

அவள் கீழே கிடந்த போட்டோவைப் பார்த்தாள். திரும்பவும் மூட்டையைப் பார்த்தாள்.

"என்னங்க இது?"

"நம்ம வண்டியில இருந்ததுதான். அப்பா போனதும் நான்தான் மாத்தினேன். முதல் வருஷ வண்டின்னாதானே கோப்பை, தலைவர் பதவி எல்லாம்?"

"அப்ப அந்தப் பொண்ணு...?"

ஜோசியர் வட்ட லைட்டைத் துணியால் துடைத்தார்.

"அவளைத் தங்கச்சின்னு ஒத்துக்கிட்டா, வண்டி அடுத்த வருஷ மாடல்னும் ஒத்துக்கணுமேடி!"