ரெண்டு விரக்கடை

“இருக்கறதிலயே பெரிய டயரா போடுங்கண்ணா. வீலும் சேத்து மாத்திடுங்க.”

முசரவாக்கத்து ஆனந்தராஜ் பிக்கப் வண்டியிலிருந்து இறங்கும்போதே இப்படிச் சொல்லிக்கொண்டுதான் இறங்கினான். டயர்கடை குப்புசாமிக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

வராமல் என்ன செய்யும்? மாணிக்கவேல் வந்து புலம்பிவிட்டுப் போன சூடுகூட இன்னும் ஆறவில்லை.

நூல்கடைச் சந்தில் வெகுகாலமாக ட்ரைசைக்கிள் மிதிக்கிறவர் மாணிக்கவேல். பெரிய வண்டி நுழைந்து கரண்ட் கம்பியை அறுத்துவிடக் கூடாதென்று அந்தச் சந்து முனையில் தலைக்கு மேலே குறுக்கே ஓர் இரும்புக் குழாய் போட்டிருக்கிறார்கள். லோடு லாரி அதோடு நின்றுவிடும். அங்கிருந்து பட்டுநூல் மூட்டைகளைக் கடைகளுக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பதுதான் மாணிக்கவேலின் பிழைப்பு.

போன மாதம் அந்த லோடு ஆனந்தராஜுக்குக் கிடைத்தது. அவன் பிக்கப் குழாய்க்கு அடியில் மயிரிழையில் நுழைந்து நேரே கடை வாசலில் போய் நின்றது. அன்றோடு மாணிக்கவேலுக்கு வேலை போயிற்று.

“வண்டிய பழைய இரும்புக்குப் போட்டுடலாம்னு பாக்கறேன் குப்பு. சும்மா நிக்கவெச்சிக்கினு இன்னா செய்யறது?”

கைச்செலவுக்கு ஏதாவது வைத்துக்கொள்ளுங்கள் என்று குப்புசாமி நீட்டியதை அவர் தொடவே இல்லை. “மிதிக்காத காசு எனக்கு வேணாம்பா” என்று எழுந்து போய்விட்டார்.

அவர் இந்தப் பக்கம் போக, இவன் அந்தப் பக்கம் பெரிய டயர் கேட்டு வந்து நிற்கிறான்.

“இப்ப இருக்கற டயருக்கு இன்னா கேடு? ஒண்ணுகூட தேயலியே” என்றார் குப்புசாமி.

“பெரிசா இருந்தா கெத்துண்ணா.”

“கெத்து சோறு போடுமா? மைலேஜ் வுழுந்துடும். ஸ்டீரிங்கு கனமாயிடும். லோடு ஏத்தி இறக்கறவன் முதுகு ஒடியும்.”

“அதெல்லாம் பாத்துக்கலாம்ணா. வண்டி எவ்ளோ உயரும், அத்த சொல்லுங்க.”

“இது ஒரு விரக்கடை, ஒரு விரல் அகலத்துக்கு உயரும். அதோ அந்த சைஸு ரெண்டு விரக்கடை. அதுக்கு மேல போட்டா மட்கார்டுல தேய்க்கும்.”

“ரெண்டு விரக்கடையே போடுங்க.”

அற்பனுக்கு வாழ்வு வந்தால் அர்த்த ராத்திரியில் குடை பிடிப்பான் என்று குப்புசாமி வாய்க்குள் முணுமுணுத்தார். காதில் விழட்டும் என்றுதான் முணுமுணுத்தார். அவன் காதில் வாங்கிக்கொள்ளவில்லை.

நாலு சக்கரமும் ஏறியது. வண்டி திருவிழாவுக்குப் புதுச்சட்டை போட்ட பிள்ளை மாதிரி நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றது.

ஆனந்தராஜ் சட்டைப்பையிலிருந்து ஒரு சிவப்புக் கயிற்றை எடுத்தான். நடுவில் ஒரு முடிச்சு. ஒரு முனையைத் தரையில் காலால் மிதித்துக்கொண்டு, கேபினுக்குப் பின்னால் இருந்த கம்பிவரை இழுத்துப் பார்த்தான். கம்பி முடிச்சைத் தாண்டி மேலே நின்றது. மறுபக்கம் போய் அங்கேயும் அளந்தான். அவன் முகம் மலர்ந்துவிட்டது.

“எவன் வண்டியோட போட்டி?” என்றார் குப்புசாமி.

“அப்டித்தான்னு வெச்சுக்கங்களேன்.”

“பழைய டயர எடுத்துக்கினு போ.”

“எனக்கு வேணாம்ணா. யாருக்காச்சும் தள்ளிவுட்ருங்க.”

ஒருத்தர் வயிற்றில் அடித்த பணம், தண்ணீராய்ச் செலவாகிறது என்று நினைத்துக்கொண்டார் குப்புசாமி. அன்று பூராவும் அவருக்கு மனசே சரியில்லை.

மறுநாள் காலையில் நூல்கடை முதலாளி போன் செய்தார்.

“யோவ் குப்புசாமி, இன்னாய்யா டயர் போட்டுக் குடுத்த? வண்டி சந்துக்குள்ள வரமாட்டேங்குது. ஓடியா!”

நல்லா வேணும் என்று சிரித்துக்கொண்டேதான் குப்புசாமி கிளம்பினார்.

சந்து முனையில் சின்னக் கூட்டம். பிக்கப்பின் கேபின் கம்பி இரும்புக் குழாயில் முட்டிக்கொண்டிருந்தது. ஆனந்தராஜ் திருட்டுப் பூனை மாதிரி ஒதுங்கி நின்றான். முதலாளி தலையில் அடித்துக்கொண்டார். “இனிமே ட்ரைசைக்கிளுக்கு வேற நான் கூலி அழணும்!”

மாணிக்கவேலோ வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, மூட்டைகளைத் தன் வண்டியில் அடுக்கிக்கொண்டிருந்தார். ஒரு மாதம் கழித்து அந்த முகத்தில் ரத்த ஓட்டம் தெரிந்தது. கை ஒரு பக்கம் வேலை செய்ய, வாய் ஒரு பக்கம் ஆனந்தராஜை வறுத்தெடுத்தது.

“ஷோக்கு இருக்கலாம் தம்பி, மூளையும் இருக்கணும். டயரு வாங்கறதுக்கு முன்னாடி இந்தக் குழாய ஒரு கயிறு போட்டு அளந்து பாக்கக் கூடாதா?”

“தோணலியேண்ணா” என்று தலையைச் சொறிந்தான் ஆனந்தராஜ்.

“இந்தக் காலத்துப் பசங்களுக்கு எதான் தோணுது! சரி வுடு, நான் இருக்கேன். அந்த மூட்டைய இப்டித் தள்ளு.”

குனிந்து மூட்டையைத் தள்ளிய ஆனந்தராஜின் சட்டைப்பையிலிருந்து சிவப்புக் கயிறு எட்டிப் பார்த்தது. அவன் சட்டென்று உள்ளே தள்ளிக்கொண்டான். குப்புசாமி பார்த்துவிட்டார். அவர் நிமிர்ந்து இரும்புக் குழாயைப் பார்த்தார். நேற்று முணுமுணுத்த பழமொழியை நினைக்க வெட்கமாக இருந்தது.

“இன்னாய்யா மரமாட்டம் நிக்கற?” என்று கத்தினார் முதலாளி. “அவனோட பழைய டயரு உன் கடையிலதானே கெடக்குது? கொண்டாந்து மாட்டு!”

ஆனந்தராஜ் நிமிர்ந்தான். குப்புசாமியையே பார்த்தான்.

“அதுங்களா? நேத்தே வித்துட்டேங்களே!” என்றார் குப்புசாமி.