சேற்றில் புதைத்த கொப்பி

இதை நான் கண்ணால் காணவில்லை. அன்றைக்கு அங்கே இருந்த மியூரியல் ரீச்சர் சொல்லிக் கேட்டது.

எண்பத்து நாலாம் ஆண்டு, ஐப்பசி. அரியாலைக் கடற்கரைக்குப் பறவை பார்க்கப் போன பறவைக் கழகத்தார் எட்டுப் பேர் கண்டல் பற்றைக்குள் குப்புறப் படுத்திருந்தார்கள். றோட்டில் ஜீப் நின்றது. மூன்று ஆமிக்காரர் கரைப் பக்கம் நடந்து வந்துகொண்டிருந்தார்கள்.

"கொப்பி எங்கை?" என்றார் கிருபைரட்ணம், கழகத் தலைவர்.

செயலாளர் ஜெபரட்ணம் மாஸ்டர் வெளியே கையைக் காட்டினார். "வரம்பிலை வைச்சிட்டு ஓடிவந்திட்டன்."

பன்னிரண்டு வருடக் கொப்பி. எந்த நாள், எத்தனை மணிக்கு, எந்தத் திசையால் எத்தனை பறவை வந்தது என்று எல்லாம் அதில் இருந்தது. முதல் பக்கத்தில் கழகத்தாரின் பெயரும் விலாசமும்.

"குருவிக் கணக்குத்தானே? பாத்திட்டு எறிஞ்சிட்டுப் போவாங்கள்," என்றார் கிருபைரட்ணம்.

"நேரமும் எண்ணிக்கையும்தான் அவங்கட கண்ணிலை படும், ஐயா. குருவியெண்டு ஆர் போய் விளங்கப்படுத்திறது?" என்றார் தேவராசா. மயிலிட்டியில் வலைக்கடையில் வேலை செய்பவர். மூன்று வருடமாகப் பறவைகளை எண்ணி எழுதுவது அவர்தான்.

"வாயைப் பொத்திக்கொண்டு கிடவும், ஐசே."

தேவராசா கிடக்கவில்லை. பற்றையை விட்டு வெளியே ஊர்ந்தார்.

"உவனுக்கென்ன விசரே! எல்லாரையும் காட்டிக் குடுக்கப் போறான்!" என்றார் கிருபைரட்ணம்.

தேவராசா வரம்புக்குப் போனார். கொப்பியைத் தண்ணீருக்குள் அமத்திச் சேற்றில் புதைத்தார். பிறகு அதிலேயே மல்லாந்து, மூக்கு மட்டும் வெளியே தெரியும்படி படுத்துக் கிடந்தார்.

ஆமிக்காரர் வந்தார்கள். ரீச்சர் விட்டுவிட்டு ஓடிய சுடுதண்ணிப் போத்தலைக் கண்டார்கள். தேத்தண்ணியைக் குடித்தார்கள். சுற்றிப் பார்த்தார்கள். போத்தலையும் கொண்டு போய்விட்டார்கள்.

ஜீப் போன பிறகு கொப்பியைத் தோண்டி எடுத்தார்கள். மை கரைந்து, தாள் கூழாகி, ஒரு வரிகூட வாசிக்க முடியவில்லை.

ஜெபரட்ணம் மாஸ்டர் அதை மடியில் வைத்துக்கொண்டு வரம்பில் இருந்துவிட்டார்.

"பன்னிரண்டு வருஷம்!" என்று கத்தினார் கிருபைரட்ணம். "ஏன் காணும் இப்பிடிச் செய்தனீர்?"

"பயமாயிருந்தது, ஐயா."

"பயம்! உம்மடை பேர் அவங்கட கையிலை போயிடுமெண்ட பயம். உம்மடை தலை தப்ப மாஸ்டரின்ரை உழைப்பைச் சேத்துக்குள்ளை தாட்டுப்போட்டீர்!"

தேவராசா மாஸ்டரைப் பார்த்தார். மாஸ்டர் நிமிரவில்லை.

"இனி எங்களோடை வராதையும்."

"ஓம்."

சேறு வழிய வழியப் போனவர் கொஞ்சத் தூரத்தில் நின்றார்.

"இண்டைக்குப் பூநாரை அறுபத்திரண்டு, மாஸ்டர். மறக்க முன்னம் எங்கையாவது எழுதி வையுங்கோ."

அதன் பிறகு அவர் வரவில்லை.

"தன்னைத்தான் பாத்தார். பாவம், பயந்த மனிசன்," என்று ரீச்சர் முடித்தார்.

எழுதுவதற்கு முன் ஒன்றைச் சரிபார்க்க விரும்பினேன். கொப்பியின் முதல் பக்கத்தில் அந்த வருடம் புதிதாக எழுதி ஒட்டிய பட்டியலின் காபன் பிரதி ஒன்று ரீச்சரின் அலுமாரியில் இருந்தது. கேட்டு வாங்கிப் பார்த்தேன்.

ஏழு பெயர்கள். ஏழும் ஜெபரட்ணம் மாஸ்டரின் கையெழுத்து. தேவராசாவின் பெயர் அதில் இல்லை.