ஆளில்லாத அறை

கிணத்துக்கடவு வீட்டு மாடியறையில் பட்டப்பகலிலும் டியூப் லைட் எரிகிறது. விபத்தில் இறந்துபோன அண்ணன் முன்பதிவு செய்துவைத்திருந்த விண்வெளி கேம் இன்றைக்குத்தான் வெளியாகியிருக்கிறது. அவனுடைய அறையில், அவனுடைய நாற்காலியின் நுனியில் ஒட்டி உட்கார்ந்து தங்கை நந்திதா அதை விளையாடுகிறாள். திரையில், எல்லோரும் விட்டுப்போன விண்கலம். அறைக்கு அறை நீல வெளிச்சம், எங்கோ ஒரு விசிறியின் முனகல். "எப்படி அம்மணி இருக்குது?" என்கிறார் பின்னால் நிற்கும் அப்பா. "எந்த சுவிட்சைத் தொட்டாலும் நெசமாவே வேலை செய்யுதுங்கப்பா." "அப்ப ஆளில்லாத ரூம்புல எதுக்கு லைட்டு? அணைச்சுப்போடு." அவள் அறை அறையாக அணைத்துக்கொண்டே போகிறாள். ஒவ்வொரு இருட்டுக்கும் அப்பா தலையாட்டுகிறார். சாப்பிட எழுந்தபோது, அதே வேகத்தில் அவள் கை சுவரிலிருக்கும் சுவிட்சுக்குப் போகிறது. அப்பா அந்தக் கையைப் பிடித்துக்கொள்கிறார். "அது எரியட்டும், கண்ணு."