கீழ் அடுக்குக்குப் போன வெளிச்சம்

ஆய்வகச் சோதனை விளக்கின் அடியில் அதை வைத்துவிட்டுக் கையை எடுத்தாள்.

நகத்தளவு சூரிய மின்கலம். இரண்டு அடுக்கு. மேல் அடுக்கு அவள் பூசியது. கீழ் அடுக்கு கூட வேலை பார்க்கும் சென்னியப்பன் செய்தது.

மேலே பிடித்தது போக மிச்ச வெளிச்சம்தான் கீழே போகும். இரண்டில் எது குறைவாகத் தருகிறதோ, அந்த அளவுக்குத்தான் மொத்த மின்சாரமும் வரும்.

ஐந்து மாதமாகக் குறைவாகத் தந்தது கீழ் அடுக்கு.

"கீழதான் சார் சரியில்லை" என்று வாராவாரம் பேராசிரியரிடம் சொன்னவள் அவள். சென்னியப்பன் தலை குனிந்து கேட்டுக்கொண்டிருப்பான். இன்று பதினோரு மணிக்குக் கூட்டம். அவனை வேலையில் வைத்துக்கொள்வதா அனுப்பிவிடுவதா என்று முடிவாகிவிடும்.

நேற்று சாயங்காலம், தான் செய்த கீழ் அடுக்குகளில் மிஞ்சிய கடைசித் துண்டை அவள் மேசையில் கொண்டுவந்து வைத்தான். அதைத் தனியாக ஓட்டிக் காட்டித் தன்மேல் தப்பில்லை என்று அவன் சொல்லியிருக்கலாம்.

"இதுலயும் நீங்களே பூசிப் பாருங்க. என்னுது மட்டும் தனியா ஓடி என்னங்க ஆகப்போகுது" என்றான்.

காலையில் பூச உட்கார்ந்தபோதும் அந்தப் பேச்சு காதில் இருந்தது.

முதல்முறையாகத் தன் அடுக்கைச் சந்தேகப்பட்டாள். கலவையைத் துளிவிட்டு, துண்டை வழக்கத்தைவிட வேகமாகச் சுழலவிட்டு, மெல்லிசாகப் பூசினாள்.

இப்போது திரையில் மொத்த மின்சாரத்தின் எண் ஏறியது.

ஏறி நின்றது.

இந்த ஆய்வகத்தில் இதுவரை யாரும் பார்க்காத எண்.

அடக் கடவுளே. கீழே போகவேண்டிய வெளிச்சத்தையும் இத்தனை நாள் அவள்தான் விழுங்கிக்கொண்டிருந்திருக்கிறாள். கொஞ்சம் தடிமனாக இருந்தால் நல்லதுதானே என்று நினைத்த மண்டு.

வெட்கமாக இருந்தது. இவ்வளவுக்குப் பிறகும் அந்தக் கடைசித் துண்டை அவளிடம் தந்தானே என்று நினைத்ததும் கண் கலங்கிவிட்டது.

ஒவ்வோர் அடுக்கையும் தனித்தனியாக அளந்து முடித்த நேரம் சென்னியப்பன் உள்ளே வந்தான். திரையைப் பார்த்தான். மொத்தத்தைக் கவனிக்கவில்லை.

"உங்க அடுக்கு எறங்கியிருக்குதுங்களே" என்றான், கவலையாக.



ஆய்வகக் குறிப்பேட்டை எடுத்தாள். பதினாறு சோதனை. எல்லாவற்றுக்கும் எதிரே 'குறை: கீழ் அடுக்கு' என்று அவள் கையெழுத்து.

இங்கே எழுதியதை அழிக்கக் கூடாது. படிக்கத் தெரிகிற மாதிரி ஒரே கோடு போட்டு அடித்து, சரியானதைப் பக்கத்தில் எழுதவேண்டும்.

பதினாறு இடத்திலும் 'கீழ் அடுக்கு' என்பதன்மேல் கோடு போட்டு, பக்கத்தில் தன் பெயரை எழுதினாள்.

பதினோரு மணி ஆவதற்குள், குறிப்பேட்டோடு போய்ப் பேராசிரியர் அறைக் கதவை அவளே தட்டினாள்.