கடைசி அரியர்

இத்தாலியின் பதுவா பல்கலைக்கழகத்தில் அறவியல் வாய்மொழித் தேர்வு. நாலாவது தடவையாக வந்து உட்கார்ந்த ஆல்விசேயைப் பார்த்ததும் பேராசிரியை ஒர்னெல்லா கண்ணாடியைக் கழற்றிவிட்டார்.

"மறுபடியும் நீயா? சொல்லித் தொலை. வட்டி வாங்கலாமா?"

"கடமைதான் அறம்னா, அடுத்தவன் கஷ்டத்துல காசு பாக்கிறது தப்பு மேடம். விளைவுதான் அறம்னா, ரெண்டு பேருக்கும் நன்மை இருந்தா சரி. குணத்தை வெச்சுப் பாத்தா, அளவு மீறினா பேராசை."

"எப்பவும் போல முப்பதுக்கு முப்பது. இந்தத் தடவையாவது ஏத்துக்கோப்பா. இது ஒண்ணு முடிஞ்சா நீ பட்டதாரி."

"மார்க்கை மறுக்க மாணவனுக்கு உரிமை இருக்கே மேடம். வேண்டாம்."

"ஏம்ப்பா?"

"படிப்பு முடியற அன்னிக்குத்தான் என் கல்விக் கடனுக்கு வட்டி ஓட ஆரம்பிக்கும்."

ஒர்னெல்லா பேனாவை மூடினார்.

"இது எந்தக் கொள்கைல சேரும்?"

"அடுத்த தேர்வுல கேளுங்க மேடம், சொல்றேன்."