கருவேல வேலி

"ஒண்ணுகூட முளைச்சிருக்காது. வேணும்னா பாருங்கண்ணே!"

கேன்டீன் அக்கா டீ கிளாஸை வாட்ச்மேன் முன்னால் நங்கென்று வைத்தாள்.

"உன்னோட விதையையா சொல்றே?"

"வாயைக் கழுவுங்க! நான் சொன்னது அந்த பேக்கிங்காரியோடதை."

வாட்ச்மேன் சிரித்துவிட்டார். அந்த அட்டைப்பெட்டிக் கம்பெனியில் இரண்டு வாரமாக இதே பேச்சுதான். பின்பக்கத்துக் கம்பி வேலியை யாரோ இரண்டு தடவை சுருட்டிக்கொண்டு போய்விட்டார்கள். ஆடுகள் தாராளமாக உள்ளே புகுந்து அட்டையை மேய்ந்தன. வெறுத்துப்போன மேனேஜர், கருவேலத்தை நட்டு உயிர்வேலி போட்டுவிடுவோம் என்று சொல்லிவிட்டார். உடம்பெல்லாம் முள், எவனும் சுருட்ட முடியாது. வேர் பிடித்துவிட்டால் மழை பொய்த்தாலும் நிற்கும்.

கன்று வளர்க்க முன்வந்தது இரண்டே பேர். ஆளுக்கு ஐம்பது விதை கொடுத்தார். யாருடையது அதிகம் முளைக்கிறதோ அவருக்குத்தான் வேலியைக் கவனிக்கும் பொறுப்பு. கூடவே, கேட்டை ஒட்டிக் காலியாகக் கிடக்கும் இரண்டு அறை வீடு.

அந்த வீட்டைக் கேட்டு அக்கா ஆறு வருடமாக மனுப் போட்டுக்கொண்டிருந்தாள். இப்போது இருப்பது ஒரே அறை. புருஷன், மாமியார், இரண்டு பிள்ளைகள். காலை நீட்டினால் யார் மேலாவது இடிக்கும்.

"அந்தப் பொண்ணும் பாவம்தான், கைக்குழந்தையோட அல்லாடுது. தங்கமான பொண்ணு" என்றார் வாட்ச்மேன்.

"ஆமா, வந்து மூணு மாசம் ஆகலை, அதுக்குள்ள தங்கமாயிட்டா. ஆறு வருஷமா அடுப்புல வேகறவ உங்க கண்ணுக்குத் தகரமா?"

அக்காவுக்கு வயிறு எரிந்தது. மேனேஜர்கூட முன்பெல்லாம் அவளிடம்தான் சிரித்துப் பேசுவார். இப்போது டீயை வாங்கிக்கொண்டு பேக்கிங் பக்கம் போய்விடுகிறார்.

"சரி, அவளோடது முளைக்காதுன்னு அடிச்சுச் சொல்றியே, எப்படி?"

"மனசுல பட்டுது, சொன்னேன்."

பட்டதாவது! ஏன் முளைக்காது என்பது அக்காவுக்கு நன்றாகத் தெரியும். அவளுக்கு மட்டும்தான் தெரியும். அந்தத் தைரியத்தில், பேக்கிங்காரி தன் நாற்றுப் பைகளை அடுக்கியிருந்த பக்கம் அவள் எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

மேனேஜர் எண்ண வந்தார். முதலில் அக்காவின் பைகள். எரு கலந்த மண், விரல்கணு ஆழத்தில் விதை, தினமும் பூவாளித் தண்ணீர், ஒரு குறையும் இல்லை. முளைத்திருந்தது நான்கு.

"நாலுதானா?" என்றார் வாட்ச்மேன்.

"பூஜ்யத்துக்கு நாலு மேல்தானே?" என்றாள் அக்கா, சிரிப்பை அடக்கிக்கொண்டு.

பிறகு எல்லோரும் பேக்கிங் ஷெட்டைச் சுற்றிப் பின்னால் போனார்கள்.

அங்கே நாற்பத்து மூன்று பைகளில் பச்சைப்பசேலென்று முளை. மேனேஜராலேயே நம்ப முடியவில்லை.

"கருவேல விதைக்குத் தோல் கல்லு மாதிரி. பச்சத்தண்ணியில ஊறவெச்சா அம்பதுக்கு நாலஞ்சு வந்தாலே பெரிசு. நீ என்னம்மா பண்ணினே?"

பேக்கிங்காரி கண்கலங்கி அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நான் ஒண்ணும் பண்ணலை சார். வீட்டை அக்காவுக்கே குடுத்துடுங்க. விதையை ஊறவெச்ச அன்னிக்கு, அக்கா கொதிக்கக் கொதிக்க வெந்நீர் கொண்டாந்து என் கிண்ணத்துல ஊத்திட்டு, ஒரு வார்த்தை சொல்லாமப் போனாங்க. ஜன்னல் வழியா பாத்தேன். அக்கா செஞ்சா காரணம் இருக்கும்னு அப்படியே விட்டுட்டேன். தன்னோட விதைக்குக்கூட ஊத்திக்கலையே சார்!"