மூலிகைக்காரி வாங்கிய மருந்து

சமர்கந்துச் சந்தையில் மவ்ஜுதா மருந்துக்கடை திறந்து ஒரு மாதமாகியும் எவரும் படியேறவில்லை. எதிரே மூலிகை விற்கும் ஹோசியத்திடமே கூட்டம் மொய்த்தது. இன்றோ அந்த ஹோசியத்தே வந்து எதையோ வாங்கிக்கொண்டு ஓடினாள்.

அதைக் கண்ட, சந்தைக்கு வந்திருந்த எர்காஷ் உடனே உள்ளே நுழைந்தார்.

"தங்கச்சி, அவ வாங்கினதையே எனக்கும் குடு."

"உங்களுக்கு என்ன செய்யுது அண்ணே?"

"முட்டிவலி."

"அது இதுக்கு ஆகாதுண்ணே."

"எந்த நோவுக்கும் இசிரிக் மூலிகைப் புகை போடுறவளே இங்க வாங்குறான்னா, அது அசல் மருந்துதான். தர மனசில்லைன்னா போறேன்."

தேடிவந்த ஆளும் திரும்புவதைக் கண்டு மவ்ஜுதா தவித்தாள். அதற்குள் ஹோசியத் மூச்சிரைக்க ஓடிவந்து அவளைக் கட்டிக்கொண்டாள்.

"ரெண்டு கோடு விழுந்திருச்சுடி. கல்யாணமாகி இத்தனை வருஷம் கழிச்சு நான் அம்மாவாகப் போறேன்."

எர்காஷ் தாடியைத் தடவினார்.

"தங்கச்சி, முட்டிவலிக்கு உள்ளதையே குடு."